கார் ஷெட்டில் தைத்த படகு

மழைக்காலம் முடிந்து படகைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவும்போதுதான் அதைப் பார்த்தேன். பின்பலகையில், கயிறு கட்ட நான் மாட்டியிருந்த இரும்பு வளையத்துக்குக் கீழே, பெயிண்டுக்கு அடியில் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்திருந்தது. விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கியது. வளையத்தைக் கழற்றினேன். போல்ட் இருந்த ஓட்டையிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வந்து, பெயிண்டின் மேல் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

நான்கு மாதம் ஒரு ஞாயிறு விடாமல் உட்கார்ந்து செய்த படகு. அடிப்பலகையில் கீறல் இல்லை, தையல் எதுவும் விடவில்லை. கெட்டது அந்த 6 மில்லிமீட்டர் ஓட்டையில். படகு செய்யும்போதே மாமா சொன்னார்: "மருமவனே, பிளைவுட்டு நடுவுல கெடாது. ஓரத்துலயும் ஓட்டையிலயும்தான் கெடும்." தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஓரங்களை எல்லாம் பார்த்துப் பார்த்து மூடினேன். ஓட்டையை விட்டுவிட்டேன். வீட்டில் சிறிய படகு செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

அம்மா வீடு முட்டம். பள்ளி விடுமுறைக்கு அங்கே போனால் மாமா வேலை பார்த்த படகுக்கூடத்தில்தான் பொழுது போகும். கன்னியாகுமரிக் கரையில் அதுவரை கட்டுமரமும், மரத்தைக் குடைந்த வள்ளமும்தான். அதற்கு ஏற்ற பருத்த மரம் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிக்கொண்டிருந்த நேரம். 1980-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே முட்டத்தில் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட்டில் படகு செய்து பார்த்தார். பலகைகளை ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்து, மூட்டில் ரெசினும் (கலந்து வைத்தால் கல்லாக இறுகும் பிசின்) கண்ணாடி நாரும் வைத்து ஒட்டும் முறை. பிறகு சிஃப்ஸ் என்ற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய படகுக்கூடங்கள் வழியாகக் குமரி, கேரளக் கரைகளில் அது பரவியது. ரெசின் வாடையும் பலகையைத் துணி போலத் தைக்கும் காட்சியும் அந்த வயதிலேயே எனக்குள் போய்விட்டன.

தைப்பது புதிதும் இல்லை. மதராஸில் துறைமுகம் வருவதற்கு முன்னால், கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலாப் படகுகளில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த பலகை அலை மோதினால் பிளக்கும், தைத்த பலகை வளைந்து கொடுக்கும். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெல்லும் வடிவமைத்த மிரர் என்ற 10 அடி 10 அங்குலப் பாய்ப்படகும் செம்புக் கம்பியால் தைப்பதுதான். தச்சு தெரியாதவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளட்டும் என்று வந்த அந்தப் படகு 70,000-க்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் எனக்கும் தைரியம் வந்தது.

நான் செய்தது 11.5 அடி நீளம், விளிம்பில் 4 அடி அகலம், தட்டை அடி, கூர் அணியம் (படகின் முன்முனை). இரண்டு பேர் துடுப்புப் போட்டு மணக்குடிக் காயலில் போய்வர. கடலுக்கு இல்லை. இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தட்டை அடிப் படகு காயலிலும் குளத்திலும் நன்றாக நிற்கும், அலையில் நிற்காது.

முதல் செலவு பிளைவுட். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மெரைன் பிளை 6 மில்லிமீட்டர், மூன்று ஷீட் வேண்டும். முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நான் மூன்று கடைகளில் மூன்றங்குலத் துண்டுகள் கேட்டு வாங்கி, வீட்டுப் பின்னால் விறகடுப்பில் பழைய பானையில் போட்டு, ஞாயிறு காலையிலிருந்து ராத்திரி வரை கொதிக்கவிட்டேன். அந்தத் தரத்துக்கான சோதனையே 72 மணி நேரக் கொதிப்பு. நமக்குப் பத்து மணி நேரமே நிறையச் சொல்லிவிடும். ஒரு துண்டு மதியத்துக்குள்ளேயே வாழைமட்டை போல ஏடு ஏடாக விரிந்துவிட்டது. அதிலும் முத்திரை இருந்தது. மற்ற இரண்டும் கறுத்தன, பிரியவில்லை. வெட்டிய ஓரத்தையும் பாருங்கள். உள் ஏடுகளுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம். படகாகிவிட்டால் அந்த இடைவெளிதான் தண்ணீர் தங்கும் அறை. இங்கே கிடைக்கும் மெரைன் பிளை பெரும்பாலும் குர்ஜன் மரம், கனம் அதிகம். ஒரு ஷீட் 13 கிலோ வந்தது. அதனால் 9 மில்லிமீட்டர் போட்டால் இன்னும் உறுதியாக இருக்குமே என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பலகையைத் தொடுவதற்கு முன் பழைய காலண்டர் அட்டையில் பத்தில் ஒரு பங்கு அளவில் படகை வெட்டி, செலோடேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். முதல் மாதிரியில் அணியம் கீழே தொங்கியது. பக்கப்பலகையின் வளைவில் பென்சில் கோடு அளவுக்குத்தான் பிசகு, ஆனால் மாதிரியில் பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவது மாதிரிதான் சரியாக வந்தது. மூன்று காலண்டர் அட்டையோடு போயிற்று.

பிளைவுட் 8 அடிதான் வரும், படகு 11.5 அடி. ஆகவே ஷீட்டை நீளத்தில் இணைக்க வேண்டும். இரண்டு ஓரங்களையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டுவது நல்ல முறை. சரிவின் நீளம் பலகைக் கனத்தைப் போல எட்டு மடங்கு, அதாவது 6 மில்லிமீட்டருக்கு 48 மில்லிமீட்டர். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் பிளைவுட்டே வழி காட்டும். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் 48 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, படிக்கட்டு மாதிரி அடுக்கி கிளாம்ப் போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக இழைப்புளியால் இழைக்க வேண்டும். இழைக்க இழைக்க ஏடுகளுக்கு இடையே உள்ள பசைக்கோடுகள் புடவைக் கரை போல வரிவரியாக வெளியே வரும். வரிகள் நேராகவும் சமமாகவும் ஓடினால் சரிவு சரி. எங்கே வளைகிறதோ அங்கே அதிகமாக இழைத்திருக்கிறீர்கள். என்னிடம் ஆசாரியின் கை கிடையாது. அந்த வரிகளைப் பார்த்துத்தான் செய்தேன். ஒரே ஒன்று, இழைப்புளியின் தகட்டை அடிக்கடி தீட்ட வேண்டும். பிளைவுட் பசை அதன் கூர்மையை வெகு சீக்கிரம் தின்றுவிடும்.

வளைவுக் கோடு போட, கூரைக்குப் போடும் ரீப்பரில் கணு இல்லாத ஒன்றைத் தேடி எடுத்து, ஆணிகளுக்கு நடுவே வளைத்து வைத்து அதன் ஓரமாக வரைந்தேன். வரைந்த பிறகு தரையில் முகத்தை வைத்து ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்க்க வேண்டும். அளவுநாடா பிடிக்காத கோணலைக் கண் பிடித்துவிடும்.

அப்புறம் தையல். இதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நாள். ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே, 6 அங்குலத்துக்கு ஒன்றாக 2 மில்லிமீட்டர் ஓட்டை. அணியத்தில் மட்டும் நெருக்கமாக, 3 அங்குலத்துக்கு ஒன்று. மின்வயரின் தோலை உரித்து எடுத்த செம்புக் கம்பி. கட்டடவேலைக் கட்டுக்கம்பி வேண்டாம், உள்ளே ஒரு துண்டு தங்கிவிட்டாலும் துருப்பிடித்து மரத்தைக் கறுக்கடிக்கும். மகள் உள்ளே இருந்து கம்பியைத் தள்ளினாள், நான் வெளியே முறுக்கினேன். காலையில் தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள், எழுபத்தைந்து எண்பது தையல் போட்டதும், சாயங்காலம் படகாக எழுந்து நின்றன. அன்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய் ஷெட்டில் லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் முதலிலேயே இறுக்கி முறுக்கிவிடக் கூடாது. எல்லாத் தையலையும் தளர்வாகப் போட்டு, கோணல் பார்த்த பிறகுதான் இறுக்க வேண்டும். தைத்த படகு ஈரத்துணி மாதிரி, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் முறுக்கிக்கொள்ளும். கொத்தனார்கள் வைத்திருக்கும் லெவல் ட்யூபில் தண்ணீர் ஊற்றி, முன்னால் இரண்டு இடம், பின்னால் இரண்டு இடம் விளிம்பின் உயரத்தைப் பார்த்தேன். வலது பின்மூலை 14 மில்லிமீட்டர் தூக்கியிருந்தது. அடியில் ஆப்பு வைத்து, இடது பக்கம் செங்கல் ஏற்றிச் சரிசெய்தேன். ரெசின் ஒருமுறை இறுகிவிட்டால் அந்தக் கோணல் படகோடேயே இருக்கும். துடுப்புப் போடப் போட ஒரே பக்கமாக இழுக்கும்.

இனி ரெசின். நான் அதிகமாகத் தவறு செய்தது இங்கேதான்.

ஃபைபர் படகு செய்யும் பட்டறைகளில் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். விலை குறைவு. ஆனால் அது, எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசின் அளவுக்கு மரத்தைப் பிடிக்காது. மூட்டுகளுக்கு எபாக்சியே வாங்குங்கள். யாராவது பாலியெஸ்டர்தான் பயன்படுத்துவது என்று முடிவு செய்தால் ஒன்றை மறக்கக் கூடாது: அதை இறுகவைக்கத் தரும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும்.

நான் வாங்கிய எபாக்சிக்கு 100 கிராம் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 10 கிராம், எடைக் கணக்கில். ஒவ்வொரு வகைக்கும் இந்தக் கணக்கு மாறும், டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள். கிராம் காட்டும் சின்னத் தராசு கட்டாயம். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, ஒட்டும் பிசுக்காகவே நின்றுவிடும். முதல் நாள் அரைக் கிலோவுக்கு மேல் ஒரே மக்கில் கலந்தேன். ஏப்ரல் மதியம். பத்து நிமிடத்தில் மக்கு கையைச் சுட்டது, புகை வந்தது, அடி உருகி ஷெட் தரையில் ஒட்டிக்கொண்டது. ரெசின் இறுகும்போது தானே சூடாகும். குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியே போகாமல் இன்னும் வேகமாக இறுக்கும். அதன் பிறகு ஒரு தடவைக்கு 150 கிராம், கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுவேன். காலை ஒன்பது மணிக்குள் மூட்டு வேலை முடிந்துவிடும்.

வெறும் பலகைக்கு முதல் பூச்சு அடிப்பது மட்டும் காலையில் வேண்டாம். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் அம்மைக் கொப்புளம் மாதிரி குமிழ் குமிழாக எழும்பும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடித்தால், குளிரக் குளிர மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை ஒரு பக்கப்பலகை முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே தெரிந்துகொண்டேன்.

தையலுக்கு நடுவே ரெசினில் மரப்பொடி கலந்த பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, இறுகியதும் கம்பியை உருவிவிட்டு, பிறகு மூட்டு நெடுக உள்பக்கம் பசையை வழிக்க வேண்டும். மரப்பொடியை மரமில்லில் வாங்கி மாவுச் சல்லடையில் சலித்தேன். எவ்வளவு கெட்டி என்று மாமாவைக் கேட்டபோது, "உளுந்தவடைக்கு ஆட்டுன மாவு மாதிரி" என்றார். அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. கரண்டியைக் கவிழ்த்தால் விழக் கூடாது, வழித்தால் பளபளவென்று வர வேண்டும். சோற்றுக் கரண்டியின் பின்பக்கத்தால் ஒரே இழுப்பாக இழுத்தால் மூட்டு குழிவாக, அழகாக அமையும். அது பச்சையாக இருக்கும்போதே மேலே 3 அங்குலக் கண்ணாடி நார் நாடாவை வைத்து ரெசினால் நனைத்துவிட்டால், மறுநாள் தேய்க்கும் வேலை பாதி மிச்சம்.

நாரிலும் ஒரு தவறு. விலை குறைவு என்று, நறுக்கிய நாரை அமுக்கிச் செய்த மேட் வாங்கி வந்துவிட்டேன். அந்த நாரைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில்தான் கரையும். எபாக்சியில் எவ்வளவு குத்தினாலும் விறைத்துக்கொண்டு நின்றது. எபாக்சிக்கு நெய்த துணிதான். வெளிப்பக்கம் முழுக்க, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி ஒரு சுற்று போட்டேன்.

பூச்சு காய்ந்ததும் மேலே மெழுகு தடவியது போல ஒரு வழவழப்பு வரும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நம் பக்கத்தில் நன்றாகவே வரும். தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு அதைக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகை எல்லா இடத்துக்கும் பரப்புகிறோம், அடுத்த பூச்சு பிடிக்காமல் திட்டுத் திட்டாக விலகும்.

கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொடவே தொடாதீர்கள். இரண்டாவது வாரம் அவசரத்தில் வெறும் கையால் துடைத்து, தின்னர் போட்டுக் கழுவினேன். தின்னர் ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோகும். விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்து, பத்து நாள் சோறு பிசைய முடியவில்லை. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் திரும்ப வரும். இன்று வரை எனக்கு வருகிறது.

விளிம்புச் சட்டத்துக்கு அயனி. குமரியில் படகென்றால் அயனிதான். தண்ணீரும் தாங்கும், வளையவும் செய்யும். துடுப்புக்குப் பைன். துடுப்பு மாட்ட உலோகக் கொண்டிக்கு அலையாமல், விளிம்பில் மரமுளை அடித்துக் கயிற்று வளையம் போட்டேன். இருக்கைகளுக்கு அடியில், மூடி இறுக்கிய இரண்டு லிட்டர் காலி பாட்டில்கள் நாற்பதை வலைக்குள் போட்டுக் கட்டியிருக்கிறேன். படகு நிறையத் தண்ணீர் ஏறினாலும் அவை ஏறத்தாழ 80 கிலோவைத் தாங்கும். ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே படகை முக்கிப் பார்த்தேன், விளிம்பு வெளியே தெரிய மிதந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். லைஃப் ஜாக்கெட் அதற்கும் மேல்.

செலவு: பிளைவுட் 9,300, எபாக்சி 6,500, நாரும் துணியும் 2,400, மரம் 3,200, பெயிண்ட் 2,600, கையுறை, பிரஷ், உப்புத்தாள், செம்புக் கம்பி எல்லாம் சேர்த்து 2,000. மொத்தம் 26,000 ரூபாய். படகின் எடை 46 கிலோ. இரண்டு பேர் தூக்கிக் குட்டியானையில் ஏற்றிவிடலாம்.

முதல் நாள் மணக்குடியில், பழையாறு வந்து விரியும் இடத்தில், மாமாதான் முதலில் ஏறினார். எந்தப் படகில் ஏறினாலும் அவருக்கு ஒரு பழக்கம்: உட்கார்ந்ததும் கையை இருக்கைக்கு அடியில் விட்டு, மூட்டு நெடுகத் தடவிப் பார்ப்பார். விரலில் ஈரம் இருக்கிறதா என்று. அன்று காய்ந்த விரலைக் காட்டிச் சிரித்தார். ஆறு கடலில் சேரும் பொழியை மண் மூடியிருந்ததால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நானும் மகளும் ஆளுக்கொரு துடுப்பு. அலையாத்தி ஓரமாக நீர்க்காகங்கள் இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் போகும் வரை அவை எழவில்லை, அவ்வளவு சத்தமில்லாமல் போனது படகு.

அந்த மகிழ்ச்சியில்தான், கரைக்கு வந்ததும், கட்டிப்போட வளையம் வேண்டுமே என்று டிரில்லை எடுத்துப் பின்பலகையில் ஓட்டை போட்டு, போல்ட்டை மாட்டி முறுக்கினேன். ஐந்து நிமிட வேலை. எபாக்சி வைக்கவில்லை. பூசி மூடிய பலகையில் புதிதாக ஓட்டை போடும்போது, உள் ஏடுகளின் ஓரம் முழுவதும் அங்கே திறந்துகொள்கிறது. தண்ணீர் உள்ளே போகும், வெளியே பூச்சு இருப்பதால் காயவும் வழியில்லை.

சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. நல்ல மரம் வரும் வரை கறுத்ததைச் செதுக்கி எடுத்தேன்; நாணயம் அளவு என்று நினைத்தது உள்ளங்கை அளவுக்குப் போயிருந்தது. குண்டு பல்பைப் பக்கத்தில் எரியவிட்டு இரண்டு வாரம் காயவைத்தேன். பிறகு ஓரத்தை அதே எட்டு மடங்குச் சரிவில் இழைத்து, புதுத் துண்டை ஒட்டி, மேலே நார் போட்டேன். ஓட்டையை இந்தத் தடவை 12 மில்லிமீட்டரில் பெரிதாகப் போட்டு, கெட்டியான எபாக்சிப் பசையால் முழுக்க நிரப்பி, அது கல்லானதும் நடுவில் 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன். இப்போது போல்ட் தொடுவது எபாக்சியை, மரத்தை இல்லை. பிறகு படகு முழுக்கத் தேடினேன். இருக்கைத் திருகாணிகள், மரமுளைகள் எல்லாம் சேர்த்து இன்னும் பதினொரு ஓட்டைகள். ஒவ்வொன்றையும் கழற்றி இதே மாதிரி செய்தேன்.

போன சனிக்கிழமை மறுபடி மணக்குடி. மாமாவுக்கு முழங்கால் வலி, கையைப் பிடித்து ஏற்றினோம். உட்கார்ந்தவர் வழக்கம்போலக் கையை அடியில் விட்டார். மூட்டு நெடுகத் தடவி, பின்பலகை வரை கொண்டுபோய், வளையத்துக்கு உள்பக்கம் நட்டைச் சுற்றி ஒருமுறை விரலை ஓட்டினார். கையை எடுத்துப் பார்த்தார்.

"காஞ்சுதான் கெடக்கு. போ" என்றார்.

மகள் துடுப்பை எடுத்தாள்.